எத்தனை தூரத்தில் வேகத்தடை

ஜூன் 8, ஞாயிறு

அம்மா தூங்கியாயிற்று. முன்னறையில் காலி முட்டை அட்டைகள் என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். பார்த்துவிட்டால், "படின்னா தூக்கம் வருது, கிறுக்கறதுக்கு மட்டும் வராதா?" என்பாள்.

இன்று சாப்பிடும்போது அப்பா திடீரென்று சொன்னார். "அம்மிணிக்குப் பதினாறு ஆயிருச்சு. மொபெட் பழகட்டும். நம்மது அம்பது சிசி, கியர் இல்லாத வண்டி. எல்.எல்.ஆர். எடுத்துக்கலாம், அப்பன் கையெழுத்துப் போட்டாப் போதும்னு வண்டி ஓட்டச் சொல்லித்தர்ற மும்தாஜ் சொல்லுச்சு."

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. "யாரு, இவளா? பஸ் ஸ்டாண்டுல ரோட்டைத் தாண்டறதுக்கே முன்னப்பின்ன தெரியாதவங்க கையைப் புடிச்சுக்கறவ. இவ வண்டி ஓட்டி..."

அம்மா சொன்னது உண்மைதான். எனக்குச் சாலை என்றால் பயம். ஆறாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையில் தையல் போட்டார்கள். அன்று சாயங்காலமே சைக்கிளை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, "இனி எம் புள்ள சக்கரத்தைத் தொடக் கூடாது" என்று சொன்னவர் இதே அப்பாதான்.

அப்பா பெயர் செங்கோடன். முட்டைக்காரர் என்றால்தான் ராசிபுரத்தில் தெரியும். கிடங்கிலிருந்து மொபெட்டில் முட்டை ஏற்றிக் கடை கடையாகப் போடுகிறார். என்னைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் அதே வண்டியில்தான்.

"எனக்கு எதுக்குப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆகும்," என்றார். என்னைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஜூன் 9, திங்கள்

இன்றே வகுப்பு தொடங்கிவிட்டது. கால் வைக்கும் இடத்தில் முட்டை அட்டைகள், நடுவில் அப்பா, பின்னால் நான். தெரு முனை திரும்பியதும் சொன்னார். "ரோட்டுல கண்ணுல படறது ஒவ்வொண்ணையும் வாய் விட்டுச் சொல்லோணும். பரீட்சைக்கு அதுதான் படிப்பு."

"வேகத்தடை," என்றேன்.

"எத்தனை தூரத்துல?"

"அந்தப் புளியமரத்துக்கிட்ட."

"மரத்தை உடு. அஞ்சு எண்ணறதுக்குள்ள வருமா, பத்து எண்ணறதுக்குள்ள வருமா?"

"அஞ்சு."

வண்டி மெதுவானது. அப்புறம் பள்ளம், மாடு, எதிரே டவுன் பஸ், இடது ஓரம் மணல் குவியல். பள்ளி வருவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. ஒன்றை விட்டாலும் "அப்பறம்? அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இப்படிச் சொல்லிக்கொடுக்க அப்பா எங்கே கற்றார் என்று தெரியவில்லை.

ராத்திரிக்கு ஆம்லெட்.

ஜூன் 11, புதன்

இன்றும் ஆம்லெட். நேற்று முட்டைப் பொரியல். ரோடு மோசமாம், முட்டை உடைகிறதாம்.

ஜூன் 15, ஞாயிறு

மும்தாஜ் அக்காவின் வகுப்பு சந்தைத் திடலில் நடக்கிறது. பெண்களுக்கு மட்டும். என்னோடு ஒரு நர்ஸ் அக்காவும் ஒரு தையல் டீச்சரும் பழகுகிறார்கள். முதலில் விதிகள், பிறகுதான் வண்டி என்றார் அக்கா. சாலைக் குறிகள் அச்சடித்த பெரிய தாளைச் சுவரில் மாட்டி, குச்சியால் தட்டித் தட்டிச் சொன்னார்.

"முக்கோணம் எச்சரிக்கும். வட்டம் அதட்டும். நீலச் சதுரம் வழி மட்டும் சொல்லும், யாரையும் ஒண்ணும் பண்ணாது. எங்க ஊட்டுல மாமியா முக்கோணம், நானு வட்டம், எங்க ஊட்டுக்காரரு சதுரம்."

நர்ஸ் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு என்னை வண்டியில் ஏற்றினார்கள். இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடியே திடலைச் சுற்றினேன். "ஏங் கண்ணு, வண்டி ஓட்டறியா, புழுதி கூட்டறியா?" என்று அக்கா கத்தினார். மூன்றாவது சுற்றில் காலைத் தூக்கினேன். அந்த ஒரு நொடி நன்றாகத்தான் இருந்தது. உடனே பயம் வந்து பிரேக்கைப் பிடித்துவிட்டேன்.

அப்பா திடலின் ஓரத்தில் நின்று கை தட்டினார். நான் இறங்கி, தையல் டீச்சர் ஏறிய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

குறிகளின் தாளை அக்கா எனக்குக் கொடுத்திருக்கிறார். அப்பா ஒவ்வொரு படத்திலும் விரல் வைத்துக் கேட்க, நான் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றார். முழு மதிப்பெண்.

பிறகு தனியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, "குறுகிய பாலம்" வரும் இடத்தில் நான் "குறுகிய சாலை" என்று சொல்லியிருந்தேன். அதற்கும் சரி என்றிருக்கிறார். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் விடை அச்சாகியிருக்கிறது.

அப்பாவுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜூன் 20, வெள்ளி

இன்று நான் கோபமாக இருந்தேன். வகுப்பில் ரெஜினா என்னை "மைக் செட்" என்று கூப்பிட்டாள். அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கத்திக்கொண்டு போவதைப் பாதிப் பள்ளி பார்த்திருக்கிறது. அதனால் சாயங்காலம் வண்டியில் ஏறியதும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"சொல்லு அம்மிணி."

நான் பேசவில்லை.

"ஏஞ்சாமி, சொல்லு. பரீட்சை வருதல்ல?"

ஆலை முக்கில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள். வெள்ளைக் கோடு இன்னும் அடிக்கவில்லை. ஆனாலும் எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. அப்பாவுக்கும் தெரியும், மெதுவாகப் போவார் என்று நினைத்தேன். அப்பா அதே வேகத்தில் ஏறினார்.

நாங்கள் விழவில்லை. ஆனால் முன்னாலிருந்த அட்டைகள் எல்லாம் எகிறிச் சரிந்தன. அப்பாவின் வேட்டி, செருப்பு, ரோடு எல்லாம் மஞ்சள். அவர் குனிந்து, உடையாத முட்டைகளைக் கையால் தடவித் தடவி எடுத்தார். பக்கத்திலேயே வெள்ளையாகக் கிடந்த முழு முட்டை ஒன்றை எடுக்காமல், அதைத் தாண்டித் தடவினார்.

வீட்டில் அம்மா கேட்டதற்கு, "நாய் குறுக்கால வந்துருச்சு," என்றார்.

"இந்த ஊர் நாய்ங்களுக்கெல்லாம் உங்க வண்டி ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுதா? போன வாரமும் நாயின்னீங்க!"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"கறுப்பு நாய்ம்மா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்பா என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். கையில் முட்டை வாடை.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைய வகுப்பில் ஒரு விதி. வண்டி ஓட்டுகிறவர், நல்ல பகல் வெளிச்சத்தில், இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பரைப் படிக்க வேண்டும். மும்தாஜ் அக்கா எங்கள் மூன்று பேரையும் நிறுத்திச் சோதித்தார். தையல் டீச்சருக்குக் கடைசி எண் எட்டா மூன்றா என்று தெரியவில்லை. "முதல்ல கண்ணாடி, அப்பறம் கண்ணாடி பார்த்து ஓட்டலாம்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு வெள்ளிக்கிழமை அப்பா எடுக்காமல் விட்ட முழு முட்டை ஞாபகம் வந்தது.

சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு, விளையாட்டாகக் கேட்பதுபோல், "அப்பா, எதுத்தாப்புல வாத்தியார் ஊட்டு முன்னால நிக்கற கார் நம்பர் சொல்லுங்க பார்ப்போம்," என்றேன். அப்பா பல் குத்திக்கொண்டே முழு நம்பரையும் கடகடவென்று சொன்னார். ஒரு எண்கூடத் தடுமாறவில்லை. அவர் முகத்தையே பார்த்திருந்த நான் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி இரண்டு ஆம்லெட் சாப்பிட்டேன். சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

வாத்தியார் தன் காரில் வெள்ளிக்கிழமையே கோயம்புத்தூர் போய்விட்டாராம். நேற்று அங்கே நின்றது வீடு பார்க்க வந்த யாருடைய காரோ. அப்பா சொன்னது வாத்தியார் காரின் நம்பர்.

நாளை வேதியியல் தேர்வு. படிக்க வேண்டும்.

ஜூன் 25, புதன்

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை.

எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் பயம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

பள்ளிக்குப் போகும்போது நான் இருக்கிறேன். ஒன்றுவிடாமல் சொல்கிறேன். குடை பிடித்துப் போகிறவரைக்கூடச் சொல்கிறேன். ரெஜினா என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் என்னை இறக்கிவிட்டபின் சாயங்காலம் வரை அப்பா தனியாகப் போகிறார். அப்போது அவருக்கு யார் சொல்வார்கள்? இன்று இயற்பியல் வகுப்பில் வெளியே எங்கோ லாரி ஹாரன் அடித்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். "என்ன கோகிலவாணி, சந்தேகமா?" என்றார் சார். இல்லை சார் என்று உட்கார்ந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் என்னை இறக்கிவிட்டுக் கிளம்பியவர், நேரே எல்.கே.ஜி. பிள்ளைகள் வரிசை மேல் போனார். ஆயாம்மா ஒரு பிள்ளையின் பையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று கத்தினாள். "பார்த்துட்டுத்தான் வர்றேன், போம்மா," என்று அப்பா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சாயங்காலம் நான் வண்டியில் ஏறவில்லை.

"ஏறு அம்மிணி."

"அதா, எதுத்தாப்புல நிக்குதே லாரி, அதோட நம்பரைச் சொல்லுங்க. ஏறுறேன்."

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எது, அந்தப் பச்சை லாரியா? அது... மண்ணு அப்பியிருக்குதல்ல, சரியாத் தெரீல."

எதிரே லாரி இல்லை. எதுவுமே இல்லை, காலி ரோடு.

நான் அழுதேன். அப்பாவுக்கு அதுவும் முதலில் தெரியவில்லை, மூக்கை உறிஞ்சிய பிறகுதான் தெரிந்தது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"பொங்கலுக்கு முன்னாலிருந்து, புகைக்குள்ள போறாப்பல இருக்குது," என்றார்.

"டாக்டர்கிட்டப் போலாம்பா."

"உங்க பெரியப்பனும் அப்படித்தான் போனான். கத்தி வெச்சாங்க, இருந்ததும் போச்சு. எனக்கு நெழலாச்சும் தெரியுது சாமி. இருக்கறதை எதுக்குக் கொண்டுபோயிக் குடுக்கோணும்?"

"அதுக்கு என்னை எதுக்கு வண்டி பழகச் சொன்னீங்க?"

அப்பா கைப்பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "நீ ஓட்டுனா நான் பின்னால உக்காந்துக்கலாம். கண்ணு உன்னுது, வாய் என்னுது. கடைக்காரங்க யாருக்கும் தெரியாது."

"அப்ப என் பள்ளிக்கூடம்?"

"அதை... யோசிக்கலை அம்மிணி," என்றார். பிறகு, "யோசிச்சேன். ராவெல்லாம் யோசிச்சேன்," என்றார்.

அதற்குமேல் என்னால் கோபப்பட முடியவில்லை. ஆனாலும் சொன்னேன். "நான் பரீட்சையில பாஸ் பண்ணுனா நீங்க கண்ணாஸ்பத்திரிக்கு வரோணும். அதுவரைக்கும் வண்டியை ஓட்டக் கூடாது. தள்ளிக்கிட்டுத்தான் போகோணும். ஓட்டுனீங்கன்னா அம்மாகிட்டச் சொல்லிருவேன்."

"நீயே ஒரு பயந்தாங்கொள்ளி. எங்க பாஸ் பண்ணப்போறே?"

"நீங்க மட்டும் என்னவாம்?"

அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். "செரி," என்றார்.

ஜூலை 3, வியாழன்

அப்பா தள்ளிக்கொண்டுதான் போகிறார். முட்டையை ஏற்றி, வெயிலில், கடை கடையாக. கேட்கிறவர்களிடம் என்ஜின் வேலை இருக்கிறது என்கிறாராம். ஒரு மெக்கானிக் தெருவில் நிறுத்தி, தானே பார்த்துத் தருவதாகச் சொல்லி விடவே இல்லையாம். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, "இனிப் பறக்கும்ணே" என்றிருக்கிறான். "பறந்துட்டா அப்பறம் யாரு புடிக்கறது தம்பி" என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி தள்ளியிருக்கிறார்.

அம்மா ஜவ்வரிசி ஆலையிலிருந்து வந்ததும் அலமாரியைத் திறந்து பார்த்தாள். "என்ன இது, இந்த வாரம் ஊட்டுல ஒரு முட்டைகூட இல்ல?"

"நாய்ங்கெல்லாம் திருந்திருச்சு," என்றார் அப்பா.

ஜூலை 6, ஞாயிறு

திடலில் எட்டு போட்டேன். காலை ஊன்றவில்லை. "மைக் செட்டு வண்டியும் ஓட்டுதே!" என்றார் மும்தாஜ் அக்கா. அந்தப் பெயர் அவர் காதுவரை போயிருக்கிறது.

அப்பா எனக்காக எல் பலகை செய்திருக்கிறார். தகரத்தில் வெள்ளை அடித்து, சிவப்பு எழுத்து. எல்லின் கால் பலகையைத் தாண்டி வெளியே போய்விட்டது. "நல்லாருக்குதா?" என்றார். நெம்ப நல்லாருக்குதுப்பா என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

நாளை பரீட்சை. விதிகள் எல்லாம் மறந்துவிட்டன. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்பா முட்டை போடக்கூடப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நாளை காய்ச்சல் வந்தால் நல்லது என்று இதுவரை நாலு தடவை நினைத்துவிட்டேன். அப்பாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஜூலை 14, திங்கள்

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். கேள்வி வரும், மூலையில் நொடிகள் குறைந்துகொண்டே வரும், அதற்குள் விடையைத் தொட வேண்டும். முதல் கேள்வியே குறுகிய பாலம். தொட்டேன், சரி. ஒருவழிப் பாதை, ஹாரன் கூடாத இடம், ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்குவது, எல்லாம் சரி.

அப்புறம் ஒரு கேள்வி வந்தது. பார்வையற்ற ஒருவர் வெள்ளைக் குச்சியுடன் சாலையைக் கடக்கும்போது ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்?

விடை எனக்குத் தெரியும். அந்தக் குச்சியையே சாலைக் குறியாக எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்த வேண்டும். திடலில் முதல் ஆளாகச் சொன்னவள் நான்தான். ஆனால் கை எழவில்லை. கேள்வியில் இருந்தவர் வேட்டி கட்டியிருந்தார். படம் எதுவும் இல்லை, எனக்குத்தான் அப்படித் தெரிந்தது. நொடிகள் தீர்ந்து அடுத்த கேள்வி வந்துவிட்டது.

பாஸ். அது ஒன்று மட்டும் போயிற்று.

வெளியே வேப்பமரத்தடியில் மும்தாஜ் அக்காவும் அப்பாவும் நின்றார்கள். "எதுல கண்ணு உட்டே?" என்றார் அக்கா. ஞாபகம் இல்லை என்றேன்.

அப்பா உடனே பிடித்துக்கொண்டார். "முழு மார்க் வாங்கலையே! பேச்சு முழு மார்க்குக்குத்தானே?"

"அப்பா!"

"செரி, செரி. சும்மா கேட்டேன்."

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேருமாக ரோட்டைத் தாண்டினோம். முன்னால் போனது நான்.

ஜூலை 15, செவ்வாய்

அம்மாவிடம் அப்பாவே சொல்லிவிட்டார். அம்மா முதலில் கரண்டியைத் தூக்கிப் போட்டாள், பிறகு அழுதாள், பிறகு என்னையும் சேர்த்துத் திட்டினாள். "கறுப்பு நாயாம், கறுப்பு நாய்! அப்பனுக்கும் புள்ளைக்கும் என்ன ஒத்துமை!"

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, எம் மூஞ்சியாவது தெரியுதா உங்களுக்கு?" என்றாள்.

"உன்னைத் தெரிஞ்சுக்கக் கண்ணு எதுக்கு அம்சா? சத்தம் போதுமே. நீ ஆலையில இருந்து கிளம்பறதே எனக்கு இங்க தெரியும்."

அம்மா அடித்தாள். மெதுவாகத்தான்.

ஜூலை 24, வியாழன்

இன்று சேலத்தில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். கண்புரைதான், முற்றிவிட்டது என்றார் டாக்டரம்மா. இதைவிட முற்றியதெல்லாம் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னார்.

உள்ளே கூட்டிப்போகும்போது அப்பா திரும்பி, "அம்மிணி, கூட வந்து சொல்லீட்டே வா," என்றார். கதவுவரை நடந்தேன். "முன்னால படி இல்ல. எடது பக்கம் ஸ்டெச்சர். நேரா நர்ஸ் ஒருத்தங்க சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க." "எத்தனை தூரத்துல?" என்றார். அஞ்சு எண்ணறதுக்குள்ள என்றேன். கதவை மூடிவிட்டார்கள்.

அஞ்சுக்குமேல் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள். அப்பா சுவரையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, மூக்குல என்ன அது, பரு?" என்றார் அப்பா.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல்முறையாக ரோட்டில் ஓட்டினேன். முன்னால் முட்டை அட்டைகள், நடுவில் நான், பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட அப்பா. அம்மா ஆலைக்குக் கிளம்பாமல் தெரு முனைவரை கூடவே நடந்து வந்தாள்.

கிளம்பும்முன் அப்பா எல் பலகையைப் பார்த்துவிட்டார். "எந்தக் கெரகம் இப்படி எழுதுனது? கோணையும் மாணையுமா?"

"நீங்கதான்."

"நானா? கழட்டு, வேற எழுதித் தர்றேன்."

தரமாட்டேன் என்றேன்.

பயம் போகவில்லை. கை வேர்த்து ஆக்ஸிலேட்டர் வழுக்கியது. பழக்கத்தில் வாய் சொல்லிக்கொண்டே வந்தது. பள்ளம், மாடு, டவுன் பஸ். அப்பா பின்னால் "ம், ம்" என்று மட்டும் சொன்னார். ஆலை முக்கு வந்தபோது பக்கத்தில் ஒரு டிராக்டர் உரசுகிறாற்போல் போனது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேகத்தடை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. "எத்தனை தூரத்துல?" என்று கேட்டேன்.

"ஏழு எண்ணறதுக்குள்ள வந்துரும். மெதுவாப் போ சாமி."

மெதுவாகப் போனேன். ஏழு எண்ணியதும் வந்தது. முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது.

ராத்திரிக்கு வெறும் ரசம்.